சாய நீரும் மரத்தூள் கரியும்: வணிகர்கள் அறிய வேண்டிய பாடம்



நம் கடை அலமாரியில் இருக்கும் ரீபைண்டு எண்ணெயைச் சற்று எடுத்துப் பாருங்கள். பிழிந்தபோது அந்த எண்ணெய்க்கு இருந்த அடர்ந்த நிறம் இப்போது இல்லை. அந்த நிறத்தை எடுக்க ஆலைக்காரர்கள் வெளுக்கும் மண்ணைச் சேர்த்து எண்ணெயைச் சூடாக்கி வடிகட்டுகிறார்கள். பல ஆலைகளில் அந்த மண்ணோடு சிறிதளவு கரித்தூளும் சேரும். அந்தக் கரி நம் வீட்டு அடுப்புக் கரி அல்ல. தனிப் பக்குவத்தில் தயாரான கரி. தமிழில் அதைக் கிளர்வூட்டிய கரி என்பர். வியாபாரத்தில் அதன் பெயர் 'ஆக்டிவேட்டட் கார்பன்'. எண்ணெயில் நிறம் எடுக்கும் அதே கரிதான் சாயப்பட்டறைக் கழிவு நீரிலும் நிறம் எடுக்கப் பயன்படுகிறது. மர அறுவை ஆலையில் வீணாகும் மரத்தூளிலிருந்தே அதைச் செய்ய முடியும்.

மளிகையும் சில்லறையும் விற்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, ஜவுளி ஊர்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் வியாபாரம் சாயத் தொழிலோடு பின்னிக் கிடக்கிறது. இரண்டாவது, மரத்தூள், விறகு, கொட்டாங்குச்சி, கரி ஆகிய சரக்குகள் நம்மில் பலர் கையாளும் சரக்குகளே. மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. "இந்தப் பொடியை ஏஜென்சி எடுங்கள், சாயத் தண்ணீரில் போட்டால் குடிதண்ணீராக மாறிவிடும்" என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள் வருவார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி உண்மையல்ல. எந்தப் பாதி எது என்று தெரியாமல் பணம் போடுவது வணிகனுக்கு அழகல்ல. ஆகவே இந்தப் பாடம்.

திருப்பூர் தந்த படிப்பினை

வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். இதன் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1992. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்த காலமும் அதுவே. சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கி அணையில் தேங்கியது. அணை கட்டிய சில ஆண்டுகளிலேயே, தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணைக்கு இதைவிடப் பெரிய கொடுமை இருக்க முடியாது.

விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. வெளியூரிலிருந்து வந்திருந்த தொழிலாளர்களில் பலர் ஊர் திரும்பினர். கூலி நின்ற வீட்டில் மளிகைப் பாக்கி எப்படி வசூலாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றைக் கெடுத்த கணக்கு முதலில் விவசாயியின் தலையில் விழுந்தது. பிறகு அது தொழிலாளி மூலமாக நம் கடைக் கணக்கு நோட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நிறம் ஏன் தண்ணீரோடு போகிறது?

பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் பயன்படுபவை ரியாக்டிவ் சாயங்கள். இவை 1956-ம் ஆண்டில் சந்தைக்கு வந்தவை. நூலோடு வேதி முறையில் பிணைந்து நிற்பதால் துணி வெளுப்பதில்லை. ஆனால் தொட்டியில் போட்ட சாயம் முழுவதும் துணியில் ஏறிவிடுவதும் இல்லை. சாயத்துக்கும் முறைக்கும் தக்கபடி பத்தில் ஒரு பங்கு முதல் சில சமயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும்கூட நீரிலேயே தங்கிவிடும். இதோடு சாயத்தைத் துணியில் ஏற்றுவதற்காகக் கொட்டும் உப்பும், சோடாவும் அதே நீரில்தான் வெளியேறுகின்றன.

சில சாயங்கள் ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். நிறமேறிய நீரில் சூரிய ஒளி இறங்காது. ஒளி இல்லாவிட்டால் நீர்த் தாவரங்கள் பிராணவாயுவைத் தராது, மீனும் பிழைக்காது. 'அசோ' வகைச் சாயங்களில் சில சிதையும்போது புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் உண்டாகின்றன. இதனால்தான் 1994-ல் ஜெர்மனி அவ்வகைச் சாயங்களைத் தடை செய்தது. 1997-ல் இந்திய அரசும் பல அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நம் கடைச் சரக்கைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். துணிக்குப் போடும் பழைய நீலப் பொடி ஒரு கனிமத் தூள். வாளி நீரில் கலக்கி அசையாமல் வைத்தால் நாளடைவில் அடியில் படியும். சொட்டு நீலமோ நீரில் கரையும் சாயம். எத்தனை நாள் வைத்தாலும் படியாது, துணியில் வடிகட்டினாலும் நிற்காது. சாயப்பட்டறை நீரின் தொல்லையும் இதுவே. கரைந்த சாயத்தை மணல் வடிகட்டி பிடிக்காது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேறொரு பொருள் வேண்டும். அந்த வேலையைச் செய்வது கரி.

கரி நிறத்தைப் பிடிக்கும் விதம்

கரி நிறத்தை எடுக்கும் என்பது புதிய செய்தி அல்ல. 1785-ம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோவிட்ஸ் என்ற மருந்தியல் அறிஞர், மரக்கரி கலங்கிய கரைசலின் நிறத்தை நீக்குவதைக் கண்டறிந்தார். பின்னர் சர்க்கரை ஆலைகள் பாகை வெளுக்கக் கரியைப் பயன்படுத்தின. 1900-ம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரெஜ்கோ என்பவர், கரியை நீராவியாலும் உப்புகளாலும் பக்குவப்படுத்தி அதன் திறனைப் பலமடங்கு பெருக்கும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஆக்டிவேட்டட் கார்பன் தொழிலுக்கு அதுவே அடிப்படை.

பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போலக் கரி சாயத்தை உறிஞ்சுகிறது என்று பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல. சாயத் துகள் கரியின் உட்சுவர்களின் மேல் ஒட்டி நிற்கிறது. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். ஆகவே, எவ்வளவு சுவர்ப் பரப்பு உண்டோ அவ்வளவு சரக்கு ஏறும். நல்ல கரியில் ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கும். நம் கணக்கில் சொன்னால், ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஏறத்தாழ நாலரை கிரவுண்டு மனை!

இந்தப் பரப்பு முழுவதும் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. துளையின் அகலம்தான் எந்தச் சரக்கு உள்ளே நுழையும் என்பதைத் தீர்மானிக்கிறது. நம் கிடங்கில் நூறு அறைகள் இருந்தாலும், வாசல் இரண்டடி அகலமாக இருந்தால் சர்க்கரை மூட்டையை உள்ளே கொண்டுபோக முடியாது அல்லவா? கொட்டாங்குச்சிக் கரியில் மிகக் குறுகிய துளைகள் அதிகம். குடிநீரில் வாடை நீக்கவும், சுரங்கத் தொழிலில் தங்கத்தைப் பிரிக்கவும் அது சிறந்தது. மரத்தூள் கரியில் நடுத்தர அகலமுள்ள துளைகள், அதாவது 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ளவை, அதிகமாக அமையும்படி செய்ய முடியும். சாயத் துகள்கள் உருவில் பெரியவை. ஆகவே நிறம் நீக்கும் வேலைக்கு மரக்கரி நன்கு பொருந்துகிறது. விலை உயர்ந்த கரி எல்லா வேலைக்கும் உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

மரக்கழிவிலிருந்து தயாரிக்கும் முறை

முதல் முறையில் மரத்தூளை உலர்த்தி, காற்று அதிகம் புகாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். இதில் கிடைப்பது சாதாரணக் கரி. அதன்பின் 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்து, அடைபட்ட துளைகளைத் திறந்துவிடுகிறது. இரண்டாவது முறையில் மரத்தூளோடு பாஸ்பாரிக் அமிலத்தைக் கலந்து ஊறவைத்து, ஏறத்தாழ 400 முதல் 600 டிகிரியில் சூடாக்கி, பிறகு அமிலத்தைக் கழுவி எடுக்கிறார்கள். சாயத்துக்கு ஏற்ற அகலத் துளைகள் இந்த முறையில் நன்கு அமைகின்றன. கழுவி எடுத்த அமிலத்தை மீண்டும் பயன்படுத்தினால்தான் இது கட்டுப்படியாகும். கழுவிய நீரை வெளியே விட்டால் ஒரு மாசை நீக்க இன்னொரு மாசை உண்டாக்கியதாகும்.

மூலப்பொருள் வாங்குவோர் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். பச்சை மரத்தூளின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். லோடு கணக்கில் வாங்குபவர் தண்ணீருக்கு மரத்தூள் விலை கொடுத்துவிடுவார். உலர்ந்த தூள் 100 கிலோவிலிருந்து கரி ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ கிடைக்கும். நீராவி முறையில் அதிலும் பாதியளவு அரிந்துபோனால் கையில் நிற்பது 12 முதல் 15 கிலோ. அமில முறையில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். "மரத்தூள் சும்மா கிடைக்கிறது, கரி மலிவாகத்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் இந்தக் கழிவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. செலவெல்லாம் வெப்பத்திலும் அமிலத்திலும் இருக்கிறது.

பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், கறையான் மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றின் தூளைக் கலக்கக் கூடாது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய மரத்தைச் சுட்டால் அந்த நஞ்சு கரியிலும் சாம்பலிலும் புகையிலும் தங்கும்.

ஐந்து பாட்டில் சோதனை

கரி விற்பவர் நீட்டும் காகிதத்தில் 'அயோடின் எண்', 'மெத்திலீன் புளூ எண்' என்று இரண்டு எண்கள் இருக்கும். அயோடின் எண் குறுகிய துளைகளைக் காட்டும். மெத்திலீன் புளூ எண், நிறம் எடுக்கும் திறனுக்கு ஓரளவு அடையாளம். ஆனால் மெத்திலீன் புளூ நேர்மின் தன்மையுள்ள, உருவில் சிறிய சாயம். பட்டறையிலிருந்து வரும் ரியாக்டிவ் சாயமோ எதிர்மின் தன்மையுள்ள பெரிய சாயம். ஆகவே காகிதத்தில் உயர்ந்து நிற்கும் கரி தொட்டியில் தாழ்ந்துவிடக் கூடும். வாடிக்கையாளரின் தண்ணீரிலேயே சோதிப்பதுதான் சரியான வழி.

ஐந்து பாட்டில்களில் தலா ஒரு லிட்டர் கழிவு நீர் எடுங்கள். பட்டறை நீர் காரத் தன்மை மிகுந்தது. ரியாக்டிவ் சாயம் காரத்தில் கரியோடு எளிதில் ஒட்டாது. ஆகவே முன்னதாகப் பட்டறைக்காரரைக் கொண்டே காரத்தை முறித்துக்கொள்ள வேண்டும். முதல் பாட்டிலில் கரி வேண்டாம். மற்ற நான்கில் முறையே அரை, ஒன்று, இரண்டு, நான்கு கிராம் கரித்தூள் இடுங்கள். ஒரு மணி நேரம் அடிக்கடி குலுக்கி, வடிதாளில் வடித்து, வெள்ளைக் காகிதத்தின் முன் வரிசையாக வைத்துப் பாருங்கள். எத்தனை கிராமில் நிறம் போதிய அளவு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு வியாபாரிகளின் கரியை ஒரே நாளில் ஒரே நீரில் சோதித்தால் எது சரக்கு, எது சாம்பல் என்பது வெளிப்படும்.

விலைக் கணக்கு

கணக்குப் புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 'அ' என்ற கரி கிலோ 80 ரூபாய். அது ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கிறது. 'ஆ' என்ற கரி கிலோ 120 ரூபாய். அது 200 மில்லிகிராம் பிடிக்கிறது. ஒரு கிலோ சாயத்தை நீக்க 'அ' கரி 10 கிலோ வேண்டும், செலவு 800 ரூபாய். 'ஆ' கரி 5 கிலோ போதும், செலவு 600 ரூபாய். கிலோ விலை குறைந்த கரியே முடிவில் விலை கூடியதாகிறது. பயன்பட்ட கரியை அப்புறப்படுத்தும் செலவும் 'அ' கரிக்கு இரு மடங்கு. எனவே, கரியைக் கிலோ விலையில் மதிக்காமல், ஒரு கிலோ சாயத்தை நீக்க ஆகும் செலவில் மதிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. அரிசியை ஒரு குடம் தண்ணீரில் ஒரே தடவையாகக் கழுவுவதைவிட, அரைக் குடமாக இரண்டு தடவை கழுவினால் நன்றாக வெளுக்கும். கரியும் அப்படித்தான். இலேசான சாய நீரில் ஒரு பங்கு கரியை ஒரே தடவையில் போட்டு 100 மில்லிகிராம் சாயத்தை 10 ஆக இறக்க முடிகிறது என்று கொள்வோம். அதே கரியைப் பாதியாகப் பிரித்துப் போட்டு, வடித்து, மறுபாதியைப் போட்டால், முதலில் 100 சுமார் 18 ஆகும், பிறகு 18 ஏறத்தாழ 3 ஆகும். கரி ஒரே அளவுதான். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லித்தரும் வியாபாரியை அவர் விடமாட்டார்.

கரி செய்யாத வேலை

மேலே சொன்ன 'பாதி உண்மை'க்கு இப்போது வருவோம். கரி நிறத்தை எடுக்கும். உப்பை எடுக்காது. திருப்பூரில் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும் பங்கு நீரில் கரைந்த உப்புக்கு உண்டு. வெளியேறும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கரி போட்ட பிறகு நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், ஆனால் உப்பு அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த நிறம் போனதும் குற்றமும் போய்விட்டது என்று நினைப்பது பெரும் ஆபத்து. தெளிந்த உப்பு நீர் வயலில் பாய்வதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இதனால்தான் நீதிமன்ற ஆணைகளுக்குப் பின், சொட்டு நீரும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் சாயத் தொழில் மாறியது. முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கிறார்கள். பிறகு வடிகட்டி மீதி நிறத்தை எடுக்கிறார்கள். அடுத்து சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மீந்த உப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பைத் தனியே எடுக்கிறார்கள். நீரும் உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கே போகின்றன. இந்த வரிசையில் கரியின் இடம் நடுவில். விலையுயர்ந்த சவ்வைச் சாயம் அடைக்காமல் காப்பது அதன் கடமை. அந்த இடத்தில் அது நல்ல வேலைக்காரன். தனியாக நிறுத்தினால் பாதி வேலைதான் செய்யும்.

மேலும், சாயம் அழிந்துபோகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. குருணைக் கரியை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி தேயும். தூள் கரி பெரும்பாலும் ஒருமுறை உபயோகத்தோடு சரி. சாயம் பிடித்த கரியை அபாயக் கழிவுக்குரிய விதிப்படிதான் அப்புறப்படுத்த வேண்டும். "பழைய கரி மலிவாகக் கிடைக்கிறது" என்று அதை வாங்கி வேறு வேலைக்கு விற்பது பாவமும் குற்றமும் ஆகும்.

கிடங்கில் கவனிக்க வேண்டியவை

1. பிளீச்சிங் பவுடர் அடுக்கிய இடத்தில் கரியை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் சூடேறித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டையும் கையாளும் கடைக்காரர்கள் தனித்தனி அறையில் வைக்க வேண்டும்.

2. கரி வாடையையும் ஈரத்தையும் இழுக்கும். மண்ணெண்ணெய், பினாயில் அருகில் வைத்தால் விற்கும் முன்பே அதன் திறன் குறையும். உட்புறம் பாலிதீன் பையிட்ட மூட்டையே நல்லது.

3. நனைந்த கரி அடைபட்ட இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடும். கரித் தொட்டிக்குள் சோதனை செய்யாமல் ஆளை இறக்கினால் உயிர்ச் சேதம் நேரலாம்.

4. தூள் பறக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், அருகில் நெருப்பு இல்லாமல் பார்ப்பதும் அவசியம்.

முடிவாக

மரத்தூளைக் கரியாக்கி நிறம் நீக்கும் தொழில் நல்ல தொழில். கழிவு ஒன்று இன்னொரு கழிவைத் திருத்துகிறது. இதில் இறங்க விரும்பும் நம் வணிகர்கள் பாட்டில் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஈரம் பார்க்காமல் எடை போட வேண்டாம். "உப்பும் போய்விடுமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், போகாது என்றே சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு பில் குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் நம் சொல்லை நம்பிப் பட்டறையை நடத்தி, பின்னால் சீல் வைக்கப்பட்டு நின்றால், அவருடைய தொழிலாளியின் பாக்கியும் நம் நோட்டிலேயே நிற்கும். ஆற்றங்கரை விவசாயியும் நம் கடைக்கு வருபவரே. இருவருக்கும் உண்மையைச் சொல்லி விற்பதே நம் சங்கத்தார்க்குப் பெருமை.